டிரம்முக்குள் ஓடிய எஞ்சின்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ராஜபாளையத்தில் நின்று பார்த்தால் மேற்கே மலை தெரியும்; மற்ற பக்கமெல்லாம் மில்லும் மாந்தோப்பும்தான். அப்படிப்பட்ட ஊரில், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மொபட்டும் மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் ரிப்பேர் பார்க்கிற என் பட்டறையில், நீல டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து அதற்குள் படகு எஞ்சினை ஓட்டிப் பார்த்தவன் நான். இன்றைக்குக் கடலுக்கு எத்தனை குடம் ஆச்சு என்று எதிர்த்த டீக்கடை பாய் கேட்பார். போய் டீயை ஆத்துங்க பாய் என்பேன்.

எஞ்சின் என் மச்சானுடையது. அக்காவின் வீட்டுக்காரர். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கடல் வேண்டாம் என்று வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இங்கே மில் வேலைக்கு வந்தவர். அக்காவும் அதே மில்லில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விட்டது. வீட்டில் ஆடித் தீர்த்தார்கள். நானும் என் பங்குக்குக் குதித்தேன். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே, பஞ்சுத் தூசி மூச்சு முட்டுகிறது என்று அவளையும் கூட்டிக்கொண்டு கடலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஒவ்வொரு ஆடியிலும், காற்று தூக்கி அடித்துக் கடலுக்குப் போக முடியாத நாட்களில், ஆண்டாள் தேர் பார்க்க இரண்டு பேரும் வருவார்கள். லோடு வேனில் அக்கா ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், நடுவில் சாக்கு சுற்றிய எஞ்சின். பிள்ளை இல்லாத வீடு. எஞ்சினைத்தான் பிள்ளை மாதிரி திருவிழாவுக்குக் கூட்டி வருவார்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற எஞ்சின் அது. அந்த மாதிரி எஞ்சினுக்குக் கரி பிடிப்பது கூடப்பிறந்த வியாதி. மச்சான் அதற்கு மேல் ஆயிலை அளவில்லாமல் ஊற்றுவார். கேட்டால், நல்லா எண்ணெய் குடித்தால்தானே உடம்பு நிற்கும் என்பார். அது போதாதென்று பாச்சை உருண்டை வேறு. துணிக்கு நடுவில் வைக்கிற அதே வெள்ளை உருண்டைதான். நுணுக்கி டேங்கில் போட்டால் எஞ்சின் நன்றாக இழுக்கும் என்று அந்தக் கரையில் எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அக்கா டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பட்டுக்குள் வைத்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிடுவார். பட்டைப் பூச்சி தின்றால் தின்னட்டும், எஞ்சின் பறக்கணும். நான் கத்துவேன். அந்தச் சவத்தைப் போட்டால் ஒரு இழுவையும் கூடாது, உள்ளே கரிதான் கூடும் என்பேன். பெட்ரோலில் கலந்தால் கரியைக் கரைக்கிற மருந்து பாட்டிலில் வரும். வருஷா வருஷம் ஒன்று வாங்கி அவர் கையில் திணிப்பேன். நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

பிளக்கை மாற்றச் சம்மதிப்பார். கார்புரேட்டரைக் கழுவச் சம்மதிப்பார். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிடுகிறேன் என்றால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

“தெறக்காத மாப்ள. சத்தம் மாறிட்டா உங்க அக்கா ஒல வைக்க மாட்டா.”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அக்காதான் விவரம் சொன்னாள். கரைக்கு வருகிற படகுகளில் மச்சானின் எஞ்சின் மட்டும் ஒரு அடி தப்புமாம். மூன்று அடி அடிக்கும், ஒன்றை முழுங்கும், மறுபடி மூன்று அடிக்கும். எல்லாம் கரி செய்த வேலை. அடுப்படியில் இருந்தே அவளுக்கு அது பிடிபட்டுவிடும். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டதும் உலை வைப்பாள். கரைக்கு வந்து சத்தம் நின்றதும் வாசலில் போய் நிற்பாள். செத்த நேரத்தில் மச்சான் மணலில் ஏறி வருவார். அவள் சாப்பாட்டு நேரத்தை வைத்திருந்தது கடிகாரத்தில் இல்லை, அந்தக் கோளாறில். மெக்கானிக் வீட்டில் பிறந்தவளுக்கு வந்த கிறுக்கைப் பார் என்று திட்டினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போன ஐப்பசியில் மச்சான் செத்துப்போனார். கடலில் இல்லை. கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. எத்தனை புயலுக்குத் தப்பிய மனுஷன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். டிரங்குப் பெட்டியும் எஞ்சினும் கூட வந்தன. பெட்டியைத் திறந்தால் பட்டுச்சேலை மேல் நான் வாங்கிக் கொடுத்த மருந்து பாட்டில்கள். ஒன்றில்கூட மூடி திறக்கவில்லை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பட்டறைக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

படகை மச்சானின் தம்பிக்கு விட்டுவிட்டவள் எஞ்சினை மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கரையில் வேறு யார் கையிலும் அது சத்தம் போடக் கூடாது என்றாள். ராமேஸ்வரம் பக்கம் ஒருவர் கேட்டிருந்தார். அவர் எடுத்துப்போக வருவதற்கு முந்தின வாரம் அக்கா பட்டறைக்கு வந்தாள்.

“ஏலே, ஒரு தடவ ஓட்டிக் காட்டுல. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு விட்டுருதேன்.”

டிரம்மில் தண்ணீர் பிடித்தேன். கயிற்றை இழுத்தால் எஞ்சின் அசையவே இல்லை. இத்தனை மாதம் சும்மா கிடந்ததில் பிஸ்டன் ரிங்கெல்லாம் கரியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக்கைக் கழற்றி, மச்சான் திறக்காத பாட்டில் ஒன்றைத் திறந்து, ஓட்டை வழியாக மருந்தை ஊற்றி ஊறவிட்டேன். மறுநாள் பிஸ்டன் அசைந்தது, ஆனால் கம்ப்ரஷன் இல்லை, உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. இன்னொரு பாட்டிலையும் ஊற்றிப் பார்த்தேன். இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். திறந்து சுரண்டாமல் இது ஓடாது, சுரண்டினால் அந்தச் சத்தம் இருக்காது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சமாவது இருக்கும்லா?” என்றாள்.

இருக்கலாம் என்றேன். எனக்கும் அப்படி ஒரு நப்பாசை.

ஹெட்டைக் கழற்றினேன். அத்தனை வருஷத்துக் கரி. பிஸ்டன் தலையில் சோற்றுச் சட்டி அடிப்பிடித்த மாதிரி தடிமனாக அப்பியிருந்தது. புகை வெளியேறுகிற துவாரம் முக்கால்வாசி அடைத்துப்போய்ச் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இதையும் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படிக் கடலில் போய் வந்தார் என்று வாய்விட்டே திட்டினேன். உலோகத்தில் கீறல் விழாமல் இருக்க மூங்கில் பத்தையைச் சீவி வைத்துக்கொண்டு மெதுவாகச் சுரண்டினேன். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மில்லிலிருந்து வருகிற வேஸ்ட் நூலை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு சாமானாகத் துடைத்துக் கொடுத்தாள். தாளில் விழுந்த கரியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இம்புட்டும் அவிய ஓட்டுனதுதானல?”

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் கை ஓடவில்லை. பாய் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சுரண்டினேன். திரும்பி வந்தபோது தாளில் கரி இல்லை. அக்காவின் முந்தானை முடிச்சு கறுத்திருந்தது.

எல்லாம் பூட்டி எஞ்சினை டிரம்மில் இறக்கினேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. புது எஞ்சின் கெட்டது போ. ஒரு அடிகூடத் தப்பவில்லை, ஒரே சீராக ஓடியது. வேறு யார் எஞ்சினாக இருந்தாலும் அன்றைக்கு நான் காலரைத் தூக்கிவிட்டிருப்பேன். அக்கா காதைக் கொடுத்து நின்றாள். ஒரு அடி தப்பாதா, ஒரே ஒரு அடி தப்பாதா என்று நானும் நின்றேன்.

“இது யாரோல” என்றாள்.

நிறுத்தினேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தாள். உள்ளங்கையை விரித்தால் இரண்டு பாச்சை உருண்டை. இனி எடுக்க ஆள் இல்லாததால் பெட்டியிலேயே இருந்த உருண்டைகள். போட்டுப் பாருடா தம்பி என்றாள். அந்தக் கரி சேர எத்தனையோ வருஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. மச்சானோடு வருஷா வருஷம் எந்த உருண்டைக்காகச் சண்டை போட்டேனோ, அதையே சுத்தியலால் நுணுக்கி, என் கையாலேயே பெட்ரோல் கேனில் போட்டுக் கலக்கினேன். ஆயிலையும் அவர் ஊற்றுகிற மாதிரி தாராளமாக ஊற்றினேன்.

மறுபடி கயிற்றை இழுத்தேன். சத்தம் மாறவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புகை எழும்பிப் பட்டறை முழுக்கப் பரவியது. அதில் அந்த உருண்டை வாசம் இருந்தது. மச்சான் சட்டையில் எப்போதும் அடிக்கிற வாசம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, புகைக்குள் முகத்தைக் கொடுத்து நின்றாள். புகை ஆகாது, போதும் என்று நான் சுவிட்ச் மேல் கை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“நிப்பாட்டாதல. நிப்பாட்டுனா அவிய கரையேறி வரணும்லா.”

கையை எடுத்துவிட்டேன். கேனில் இருந்த பெட்ரோல் தீருகிற வரைக்கும் ஓடி, எஞ்சின் தானாகவே நின்றது. அக்கா வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.