தண்ணி மாத்திரையும் சர்வதேச மாநாடும்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று சில மாதம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. தாராவியில் ஒரு கிளினிக்கில் மெடிக்கல் சோஷியல் வொர்க்கராக வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். டாக்டர் சொல்வதை நோயாளிக்குப் புரிய வைப்பதும், நோயாளி சொல்லாமல் விட்டதை டாக்டர் காதில் போடுவதும்தான் என் வேலை. அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், மாநாடு, மேடை, கழுத்தில் பேட்ஜ் என்று யாராவது கூப்பிட்டால் ஆசையாகத்தான் கிளம்புவீர்கள். கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1. மறதி என்று பெயர் வைத்தார்கள்

முதியோர் மருத்துவத்துக்கான சர்வதேச மாநாடு. இடம், பாந்த்ரா-குர்லா பக்கம் கண்ணாடியாலேயே கட்டின ஒரு கன்வென்ஷன் சென்டர். எங்கள் கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் ஏறினால் சாய்ந்து உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் எங்கள் ஆட்கள் யாரும் அதற்குள் போனதில்லை.

மாநாட்டின் செயலாளர் ஒரு டாக்டர். அவர்தான் போன் செய்தார். "முதியவர்கள் ஏன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று ஒரு ஸெஷனாம். அதில் பேச ஒரு நிஜமான பேஷன்ட் வேண்டுமாம், அதுவும் தாராவியிலிருந்து வந்தால் ரொம்ப நன்றாக இருக்குமாம். அந்த ஸெஷனுக்குச் செலவு செய்வது ஒரு மொபைல் ஆப் கம்பெனி. மாத்திரை நேரம் வந்தால் போனில் மணி அடிக்கும் ஆப். ஆகவே பேஷன்ட் மறதிக்காரராக இருந்தால் நல்லது என்றும் சொல்லி வைத்தார்.

எனக்கு உடனே செல்லத்தாய்தான் ஞாபகத்துக்கு வந்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மகனோடு இட்லி மாவுக் கடை நடத்துகிறவர். எழுபது தாண்டியவர், இருதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு டாக்டர் கொடுப்பதுதான் தண்ணி மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். அப்புறம் அரை நாளைக்கு ஓட்டம்தான். அவர் வீட்டில் கழிப்பறை கிடையாது. சந்து முனையில் இருக்கிற பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டோடு இருக்கிற நாளில் எப்படியோ சமாளிப்பார். கல்யாணம், கோயில், ரேஷன் என்று வெளியே போகிற நாளில் மாத்திரையைத் தொடமாட்டார். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான். இது மறதி இல்லை, தீர யோசித்து எடுத்த முடிவு.

செயலாளரிடம் இதைச் சொன்னேன். "வோ ஸப் டீடெய்ல் மே மத் ஜாயியே மேடம், ஸிம்பிள் ரக்கியே" என்றார். அவ்வளவு விவரத்துக்குள் போகாதீர்கள் என்கிறார். அந்த விவரம்தானய்யா விஷயமே!

மேடையிலாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செல்லத்தாயைக் கூப்பிட்டேன். அவர் ஒரே வார்த்தையில் கேட்டார்.

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்லா. நீயே சொல்லிரேன்."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க பெரியம்மா."

"அப்பம் நான் சொன்னா மட்டும் கேட்டுருவாவளாக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மாநாட்டன்றைக்கு நல்ல பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

2. ஒரு பாட்டில் தண்ணீர்

மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்ள ரியா என்று ஓர் இளம் டாக்டரைப் போட்டிருந்தார்கள். முலுண்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். செல்லத்தாயின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"பாட்டி, மார்னிங் டேப்லெட் எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்ல தாயி. வெளிய வந்திருக்கம்லா."

"அரே! மேடம், இன்னிக்கு டாபிக்கே இதுதானே! ஸ்டேஜ்ல ப்ரீத்திங் ப்ராப்ளம் வந்தா யாரு பாக்குறது?"

"இப்பக் கொடுக்காதீங்க டாக்டர்" என்றேன். "திரும்பி வீட்டுக்குப் போனதும் போட்டுக்குவாங்க."

"டென் மினிட்ஸ்ல ஸ்டார்ட் ஆயிடும் மேடம், ஹாஃப் அன் ஹவர்ல ஓவர். டாய்லெட் யஹீன் பக்கத்துலதான் இருக்கு. ஐ வில் டேக் கேர்."

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் கையில் வைத்து நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு வராது. வாயில் போட்டுக்கொண்டார். ரியா பக்கத்திலேயே நின்று பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடிக்க வைத்தாள். அக்கறையாகத்தான் செய்தாள். அதனால்தான் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. சீஃப் கெஸ்ட் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாராம், அவர் வந்துதான் ஸெஷனைத் துவக்கி வைப்பாராம்.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. செல்லத்தாய் மெதுவாக என் முழங்கையைத் தொட்டார். "எம்மா, எங்கன போவணும்?" கூட்டிக்கொண்டு போனேன். ரியா சொன்ன கழிப்பறை வாசலில் செக்யூரிட்டி நின்றான். சீஃப் கெஸ்ட்டுக்காகச் சோதனை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். வேறே எங்கே என்றால் இரண்டு மாடி கீழே. எஸ்கலேட்டரில் அவர் கால் வைக்கமாட்டார், படி இறங்க அவர் முட்டி ஒத்துக்கொள்ளாது. லிஃப்ட்? அதுவும் சீஃப் கெஸ்ட்டுக்குத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். முதியோருக்கு ஏற்ற உலகம் செய்யப் போகிறார்களாம்.

செயலாளர் ஓடி வந்தார். "பாஞ்ச் மினிட் மேடம், மாஜி கோ பைட்டாயியே, லைவ் ஸ்டார்ட் ஹோ கயா."

நேரலை தொடங்கிவிட்டது, அம்மாவை உட்கார வையுங்கள் என்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்றார். எல்லாம் நடந்துவிடும் என்கிறார். எதை நினைத்துச் சொன்னாரோ!

3. மேடை

மேடையில் போட்டிருந்தது வெள்ளை சோபா. உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும். முட்டி போன ஒருவர் அதிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. முதியோர் வைத்தியம் படித்த ஐந்து பேர் அதே சோபாக்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. செல்லத்தாய்க்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நான்.

சீஃப் கெஸ்ட் வந்தார், விளக்கேற்றினார். பெரியவர்களை மதிப்பது நம் பண்பாடு என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். செல்லத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. நெற்றியில் வேர்வை. அந்த ஏஸி குளிரிலும் வேர்வை.

"முடியலம்மா" என்றார் காதருகில்.

ஸெஷனை நடத்தியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். முதல் கேள்வியே இவருக்குத்தான். "டாக்டர்களிடம் நீங்கள் கேட்க நினைக்கும் ஒரே ஒரு விஷயம் என்ன?" நான் தமிழில் சொன்னேன். செல்லத்தாய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல நான் ஒண்ணுக்குப் போவணும்."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இப்போதே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று.

அரங்கம் சிரித்தது. சிரித்தது மட்டுமா, கைதட்டினார்கள். அந்தப் பேராசிரியர், "இவ்வளவு நீளமான உரைக்குப் பிறகு நம் எல்லோருக்குமே அந்தத் தேவைதான்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். மைக்கைப் பிடுங்கினேன்.

"இது ஜோக் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அடக்கிக்கொண்டு இருக்கிறார். உங்களால் எழுந்திருக்க முடிகிறதே, யாராவது எழுந்து வந்து இவரைத் தூக்கிவிடுங்கள்."

சோபாவில் இருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழேயிருந்து ஓடி வந்தது ரியாதான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பூட்டின கதவு வரைக்கும் போனோம். செக்யூரிட்டி சாவி தேடினான். "கோலோ! அபி கோலோ!" என்று கதவைத் திறக்கச் சொல்லி ரியா கத்தின கத்தலில் அவன் கையிலிருந்து சாவிக்கொத்து கீழே விழுந்தது.

அவன் அதைக் குனிந்து எடுத்துக் கதவைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. செல்லத்தாய் அசையாமல் நின்றார். பச்சைச் சேலையின் கீழ்ப்பாதி இருண்டு போனது. நான் வேலையில் எத்தனையோ பார்த்தவள். ஆனால் அப்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

4. சால்வை

உள்ளே கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம். கதவுக்கு வெளியே செயலாளர் குரல். ஸெஷன் பிரமாதமாம், ஆடியன்ஸுக்கு மாஜியை ரொம்பப் பிடித்துவிட்டதாம், குரூப் போட்டோவுக்குக் கூட்டி வர வேண்டுமாம்.

நான் கதவைத் திறந்து, இந்த ஊரில் பிறந்து வளர்ந்து கற்றுக்கொண்ட இந்தியையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். இங்கே எழுத முடியாது. கடைசியாக, "ஸாடி லாவோ, ஸூக்கி ஸாடி!" என்றேன். காய்ந்த சேலை ஒன்று அந்தக் கட்டிடம் முழுக்க இல்லை. நோயாளியைக் கௌரவிக்க வாங்கி வைத்திருந்த சால்வையைக் கொடுத்தனுப்பினார். ஈரத்தின் மேல் அதைச் சுற்றிக்கொண்டுதான் செல்லத்தாய், அதுவரை யாரும் எங்களுக்குக் காட்டாத சர்வீஸ் லிஃப்டில் இறங்கினார்.

ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "மவன்ட்ட சொல்லிராத."

மாநாட்டு அறிக்கையை அப்புறம் மெயிலில் அனுப்பினார்கள். நோயாளியின் நகைச்சுவை எல்லோரையும் கவர்ந்ததாம். முதியவர்களின் மறதிக்கு மணி அடிக்கும் ஆப் நல்ல தீர்வு என்று முடிவானதாம். படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

5. வார்டில்

அதன் பிறகு செல்லத்தாய் கிளினிக்குக்கு வரவில்லை. ஆள் அனுப்பினால் கடையில் வேலை என்று பதில். வெளியே போகிற நாள், போகாத நாள் என்ற கணக்கே இல்லாமல், அந்த மாத்திரையையே அடியோடு நிறுத்திவிட்டார். மகனுக்கும் தெரியாது. ஒரு நாள் கடையிலேயே மூச்சு விட முடியாமல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நுரையீரல் முழுக்க நீர். இரண்டு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை.

பிழைத்தார். விஷயம் கேள்விப்பட்டு ரியா வந்தாள். என்னிடம் வந்து நின்று, "மேடம், அவங்க எந்தெந்த நாள்ல வெளிய போவாங்க? எத்தன மணிக்குத் திரும்புவாங்க?" என்று கேட்டாள். பெரிய டாக்டரிடம் பேசி, வெளியே போகிற நாளில் வீடு திரும்பின பிறகு மாத்திரை என்று மாற்றி எழுத வைத்தாள். இவ்வளவுதான் வைத்தியம். இதைச் செய்ய ஆப் வேண்டாம், மாநாடு வேண்டாம். உயிர் போகிற வரைக்கும் ஒரு பெண் காத்திருந்திருக்கவும் வேண்டாம்.

பிள்ளைகளே, நான் கற்றதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மாத்திரை சாப்பிடவில்லை என்றால் "மறந்துட்டீங்களா" என்று கேட்காதீர்கள். நீங்களே பதிலைக் கொடுத்துவிட்டால் அவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். "இன்னிக்கு எங்க போறீங்க, அங்க கக்கூஸ் இருக்கா" என்று கேளுங்கள். நோயாளியை மேடைக்குக் கூப்பிட்டால், நீங்கள் முந்திப் போய்க் கதவுகளைத் திறந்து பாருங்கள். யாராவது ஐந்து நிமிஷம் என்று சொன்னால் நம்பாதீர்கள், சண்டை போடுங்கள்.

அன்றைக்கு வார்டில் செல்லத்தாய்க்குச் சிறுநீர் டியூப் போட்டிருந்தார்கள். பை கட்டில் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பும்போது கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்தப் பையைத் தட்டிக் காட்டினார்.

"இப்பம் கூப்பிடச் சொல்லு ஒங்க டாக்டர்மாரை. எம்புட்டு நேரம் பேசினாலும் உக்காந்து கேக்கேன்."

ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.