மூன்றாம் ஓலை

1979 ஜூன் 24, ஜூலை 1. இந்த இரண்டு ஞாயிறுகளிலும் திருச்சி பாலக்கரை மாதா கோவில் பூசையில் பேட்ரிசியாவின் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவதும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் திருமணம். அவளுக்கு வயது முப்பத்தொன்று. கைலாசபுரம் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை அருள்நாதன் தயங்கியபடி வந்தான். "அம்மா மூணாவது ஓலையை நிறுத்தச் சொல்றாங்க. ஸ்கைலாப் விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறாங்க."

அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போவதாகப் பேப்பர்கள் தினமும் எழுதின. அவன் அம்மா சகாயம்மாள் அதைப் பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டின் எட்டாம் அதிகாரத்தில் கண்டுபிடித்திருந்தாள்: தீப்பந்தம்போல் எரிந்து விழும் விண்மீன், உலக முடிவின் அடையாளம்.

பாதியில் நின்ற ஓலையைப் பங்கு மக்கள் சும்மா விடமாட்டார்கள். என்ன தடை, சொன்னது யார் என்று கதை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பேட்ரிசியாவை யார் கேட்டு வருவார்கள்?

கன்னியர் மடத்து நூலகத்தில் அவளுக்குத் திருவெளிப்பாட்டுக்கான ஒரு சிறு விளக்கவுரை கிடைத்தது. பஸ்ஸில் போக வர அதன் முன்னுரையைப் படித்தாள்; பதினான்கு பக்கம். ரோமை அரசின் கீழ் அவதிப்பட்ட ஏழு சபைகளுக்கு எழுதியது, விலங்கும் விண்மீனும் எண்ணும் அவர்களுக்குப் புரிந்த அடையாளங்கள், கடைசிவரை படித்தால்தான் பொருள் விளங்கும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை புத்தகத்தோடு அருள்நாதன் வீட்டில் போய் நின்றாள்.

"கல்யாணத்துக்கு முந்தி நீ இங்க வரலாமா?" என்றாள் சகாயம்மாள்.

"உலகமே முடியப்போகுது, இதையெல்லாம் பாத்தா ஆகுமா அத்தை?"

சகாயம்மாள் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னாள். முன்னுரையைக் கேட்டுவிட்டு, "யாருக்கோ எழுதினதுன்னா நம்ம வீட்டுல எதுக்கு இருக்கு?" என்றாள்.

"கஷ்டப்பட்டவங்களுக்குத் தைரியம் சொன்னது. நமக்கும் அதுக்குத்தான். நீங்க எட்டோட நிறுத்திட்டீங்க."

"நீ முழுசும் படிச்சிட்டியாக்கும்?"

"முன்னுரை மட்டுந்தான்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான். பைபிளை எடு, படிப்போம்."

மாறி மாறிப் படித்தார்கள். ஒன்பதாம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளுக்குச் சகாயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பத்தொன்பதில் செம்மறியாகிய கிறிஸ்துவின் திருமண விருந்து வந்தது. மணமகள் தயாராக இருந்தாள்.

சகாயம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "கல்யாணத்துலயா கொண்டுபோய் விடுது?"

"இன்னும் மூணு அதிகாரம் இருக்கு அத்தை."

"இருக்கட்டும். அது விழாதுன்னு உன் புத்தகம் சொல்லுதா?"

"இல்லை."

"சரி, விழுந்தா விழுது. அருளு, சாமியார்கிட்ட வாசிக்கச் சொல்லிட்டு வா."

ஜூலை 8 ஞாயிறு முதல் பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. ஸ்கைலாப் அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் விழுந்தது.