அணையில் இல்லாத மூன்று அடி

கம்பம் நகரத்தில் ஓர் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் என்னை நிருபராகச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் முகத்திலிருந்த சுருக்கங்கள். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. முதலாளியே சொன்னார்.

“டிவிக்குன்னா சின்னப் பயலுகளத்தேன் எடுக்கணும் சார். ஆனா தண்ணி மட்டத்த மீச மொளைக்காதவன் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். ஒங்க மொகத்தப் பாத்தா பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லாத ஆளு மாதிரி இருக்கு. அதுதேன் நமக்கு வேணும்.”

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தேனியில் ஓர் அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அச்சகம் மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மனைவி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நான் வீட்டிலிருந்த புத்தகங்களை இரண்டாம் முறை படித்து முடித்திருந்தேன். மூன்றாம் முறை அலமாரியைத் திறந்தபோது, நான் எடுத்த புத்தகத்தை அவள் வாங்கித் தூசியைத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாளே வேலை கேட்கக் கிளம்பினேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட வயதைக் கேட்டுவிட்டு, “நின்னுக்கிட்டே இருக்கணும், ஒங்களுக்கு முடியாதுண்ணே” என்று கரிசனத்தோடு அனுப்பிவைத்தார்.

தொலைக்காட்சி நிலையம் உரக்கடை மாடியில் இருந்தது. ஒரு சுவரில் பச்சைத் துணி, அதற்கு எதிரே ஒரு கேமரா, எல்லாவற்றின் மேலும் யூரியா வாடை. சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி. முதலில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம், பிறகு விபத்து, பிறகு கோயில் கொடை, கடைசியில் காதணி விழா வாழ்த்து. ஊரெல்லாம் கைப்பேசியில் செய்தி பார்க்கத் தொடங்கிய பிறகும் கம்பம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பேர் கேபிளை வெட்டாமல் வைத்திருந்தது அந்த முதல் செய்திக்காகத்தான். அணை நிரம்பினால் வயலுக்குத் தண்ணீர் திறப்பார்கள், திறந்தால் நடவு. பத்திரிகையில் வருவது நேற்றைய மட்டம். எங்களுடையது இன்றையது. எங்கள் நிறுவனத்தின் பெருமை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

“மத்ததுல என்னத்தையும் தப்பு விடுங்க சார். செத்தவன் பேர மாத்திப் போட்டாக்கூட சமாளிச்சுக்கலாம். தண்ணி மட்டத்துல மட்டும் வேணாம். ஒரு மாசம் பாப்பம். சரியா வந்தா அடையாள அட்டை தாரேன்.”

நான் தலையாட்டினேன். பிழை திருத்துபவனிடம் போய்த் தப்பு விடாதே என்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

அணை மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. நினைத்தவுடன் போய் எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது. அடையாள அட்டை உள்ள நிருபர்களுக்கு அணை அதிகாரிகளிடமிருந்து மட்டம் கைப்பேசியிலேயே வந்துவிடும். எனக்கு அட்டை இல்லை. எனவே தினமும் காலை பஸ் பிடித்து, அணைத் தண்ணீர் நம் பக்கம் இறங்குகிற லோயர் கேம்ப்புக்குப் போவேன். அங்கே ஒரு டீக்கடையில், அணைக்குப் போய்வருகிற பணியாளர் ஒருவர் வடை தின்றபடி அன்றைய மட்டத்தைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். இரண்டாவது வாரம் அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பில் போய்விட்டார்.

முதல் நாள் டீக்கடையில் பகல் வரை உட்கார்ந்திருந்தேன். அட்டை வைத்திருந்த இன்னொரு நிருபரிடம் கேட்டேன். “ஒங்க முதலாளிக்கிட்டயே கேளுங்கண்ணே, அவருதேன் அணைக்கட்டு ஓனரு மாதிரி பேசுவாரு” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் மழை பிடித்தது. ஜன்னலை மூட முடியவில்லை. கம்பத்தில் இறங்கியபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். இங்கேயே இப்படியென்றால் மேலே காட்டில் எப்படிப் பெய்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். நேற்றைய மட்டத்தோடு ஒன்றரை அடி சேர்த்தேன். முழு எண்ணாகச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும் என்று ஒரு புள்ளியும் அதற்குப் பின்னால் இரண்டு இலக்கங்களும் போட்டேன். ஏழு மணிக்கு என் சுருக்கங்களோடு அதை வாசித்தேன்.

முதலாளி எழுந்தேவிட்டார். “ஒன்றர அடியா? பாத்தீகளா, நீங்க வந்த நேரம்.” கீழே உரக்கடைக்காரர் ஏறிவந்து எனக்குக் கை கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் ஒரு மனிதர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் முறை. அந்தக் கையை நான் சீக்கிரம் விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் பத்திரிகை பார்த்தேன். மேலே மழையே இல்லை. மட்டம் கூடியது ஒரு விரற்கடை.

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். இருபது வருடம் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவன், என் தப்பு என்றதும் பேனாவை மூடிவிட்டேன். மாதம் முடியப் பதினாறு நாள்தான் இருந்தது. முதலாளி காலையிலேயே, “இன்னைக்கு எம்புட்டு ஏறியிருக்கு?” என்றார். ஏறியிருக்கிறதா என்று கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். அரை அடி என்றேன். அடுத்த நாளும் அரை, அதற்கடுத்த நாளும் அரை. பணியாளர் கல்யாணச் சாப்பாட்டோடு திரும்பி வந்து உண்மை மட்டத்தைச் சொன்னபோது, அணையில் இருந்ததைவிட என்னிடம் மூன்று அடி தண்ணீர் அதிகமாக இருந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் செய்தியைப் பார்ப்பவர்கள் பத்திரிகை வாங்குவதில்லை. இரண்டையும் பார்த்த ஒன்றிரண்டு பேரும் பத்திரிகையில் அச்சுப்பிழை என்று முடிவு செய்திருந்தார்கள்.

அந்தப் பொய்யின் நான்காம் நாள் செய்தி முடிந்ததும் ஒரு போன் வந்தது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம் என்று குரலில் தெரிந்தது.

“அண்ணே, தண்ணி சொல்றவுக நீங்கதானே? இந்த மட்டத்துக்கு அடுத்த மாசம் மொத வாரத்துலயே தொறந்துருவாகல்ல? நான் நாத்துப் பாவலாமா? எங்க கெணத்துல அரமணி நேரத்துக்குத்தேன் தண்ணி. வாய்க்கா வராட்டி நாத்து நிக்காது. அதேன் கேக்கேன்.”

முதலாளி பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவலாம்மா” என்றேன்.

“ஒங்க வாயால சொன்னா சரிண்ணே. இன்னைக்கே வெதைய ஊறப்போட்டுர்றேன்.”

அதற்குப் பிறகு என் வேலை மட்டம் சொல்வதாக இல்லை, மூன்று அடித் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் வெளியேற்றுவதாக ஆகிவிட்டது. ஒரே நாளில் மூன்று அடி இறங்கியது என்று சொன்னால், அணைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பள்ளத்தாக்கில் இருக்கிற டிராக்டர் எல்லாம் லோயர் கேம்ப்புக்குக் கிளம்பிவிடும் என்று பயந்தேன். அதனால் சில நாள் மட்டம் அப்படியே நிற்கிறது என்றேன். பிறகு தினமும் கால் அடி இறக்கினேன். மேலே நிஜ மட்டம் மெல்ல ஏறிவந்தால் நடுவில் எங்காவது இரண்டும் சந்தித்துக்கொள்ளும், நானும் மனிதனாகிவிடுவேன் என்பது திட்டம். சாப்பிடும்போது விரல் தன்னால் இலையில் கணக்குப் போட்டது.

“ரசத்துல என்னத்தத் தேடுறீக?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

“வேலை புடிக்கலன்னா சொல்லிருங்க. வாயத் தொறந்து சொல்லுங்க. அன்னைக்கு அச்சகத்த மூடுனதையே நாலு நாள் கழிச்சுத்தேன் சொன்னீக.”

புடிச்சிருக்கு என்றேன். அது உண்மை. அதுதான் பிரச்சினையே.

நான்காவது கால் அடியை இறக்கிய சாயங்காலம் மறுபடி அதே பெண்ணின் போன். முதலாளி, “ஒங்களத்தேன் கேக்குது” என்று நீட்டினார்.

“அண்ணே, மேலயும் மழையாம். நாலு நாளா இங்கனயும் தூத்தலு. ஆத்துல தண்ணி கூடல, அங்கனயே போய்ப் பாத்துட்டுத்தேன் வாரேன். பெறகு நீங்க எறக்குற தண்ணி எங்கனண்ணே போகுது?”

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் போனேன். தென்னைகளுக்கு நடுவே அவர் வயல். மோட்டார் அறைச் சுவரில் அடுப்புக்கரியால் வரிசையாகத் தேதியும் மட்டமும் எழுதியிருந்தார். நான் வாசித்த ஒவ்வொரு எண்ணும், புள்ளியும் அதற்குப் பின்னால் நான் கவனமாகச் சேர்த்த இரண்டு இலக்கங்களும் உட்பட, அங்கே இருந்தன. என் எழுத்தை யாராவது இப்படி எழுதிவைக்க வேண்டும் என்று சிறுவயதில் ஆசைப்பட்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கையிலிருந்த மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“மொத்தம் எம்புட்டு?”

“மூணு அடி.”

“மூணு அடியும் ஒங்க சொந்தத் தண்ணியா?”

“ஒரு அடிய எறக்கிட்டேன். ரெண்டு அடி மிச்சம் இருக்கு.”

அவர் நாற்றங்காலுக்குள் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். விரல் நீளப் பச்சை. “இன்னும் எம்புட்டு நாளாகும் தொறக்க? நெசத்தச் சொல்லுங்க.”

“இருபது நாளுக்கு மேல ஆகலாம்னு பேசிக்கிறாக.”

“அம்புட்டு நாளைக்கு இந்தக் கெணறு தாங்காது.” பிடுங்கிய நாற்றைத் திரும்ப ஊன்றினார். “பாதியக் காயவிட்டா பாதி பொழைக்கும். எந்தப் பாதியண்ணே விடட்டும்? நீங்கதேன் சொல்லுங்க. பாவச் சொன்னதும் நீங்கதானே.”

அவர் என் பதிலுக்கு உண்மையிலேயே காத்திருந்தார். பிறகு நாற்றங்காலின் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு ஒரு வரப்பு கட்டினார். மேற்குப் பாதிக்குத் தண்ணீர் போகும் வழி அடைபட்டது. கட்டி முடிக்கும் வரை நின்றேன். உதவவா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. என் உதவி எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

நேராக நிலையத்துக்குப் போய் முதலாளியிடமும் சொன்னேன். வேலை போகட்டும், இன்றைக்கு மன்னிப்புக் கேட்டு வாசிக்கிறேன் என்றேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“இது எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?”

“அந்தப் பொண்ணுக்கு மட்டும்.”

“பெறகு எதுக்கு மன்னிப்பு? மன்னிப்புக் கேட்டா அன்னைக்கோட கடையச் சாத்த வேண்டியதுதேன். இன்னைக்கு நெச மட்டத்த வாசிச்சுட்டு விபத்துக்குப் போயிருங்க.”

“ஒரே நாள்ல அம்புட்டு எறங்குனா ஊரே பதறும்.”

“பதறட்டும், பாப்பம்.”

வாசித்தேன். நேற்று சொன்னதைவிட இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது அணையின் நீர்மட்டம். வாசித்துவிட்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு அழைப்பு வந்தது. காதணி விழா வாழ்த்தில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டதாம். எவ்வளவு நாள் அந்தத் தண்ணீரைக் கால் கால் அடியாகச் சுமந்து இறக்கினேன். ஒரு டிராக்டரும் கிளம்பவில்லை. கவனித்தவர் ஒருவர்தான். அவருக்குத்தான் பாதி நாற்று போனது.

“மாசம் முடிஞ்சிருச்சுல்ல சார்” என்றார் முதலாளி அடுத்த வாரம். “பாஸ்போர்ட் சைசு போட்டோ ரெண்டு கொண்டாங்க. அட்ட அடிச்சிருவம்.” இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி அட்டையை வாங்கிப் பார்த்து, முந்தானையால் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றரை வருடமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம். அதைப் பார்த்த பிறகு அவளிடம் எதையும் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

தண்ணீர் திறந்த அன்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அதிகாரிகள் பூத் தூவினார்கள். கேமராவில் சரியாக விழவில்லை என்று யாரோ சொல்ல மறுபடி தூவினார்கள். முதலாளி போனில் சொன்னார்: “விவசாயி ஒருத்தரு சந்தோசமாப் பேசுறாப்ல வேணும். தலைப்பு போட்டாச்சு, ‘விவசாயிகள் மகிழ்ச்சி’.”

திரும்பும் வழியில் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். வழிநெடுக வாய்க்கால் கரையில் எத்தனையோ பேர் நின்றார்கள், அவர்களிடமே மைக்கை நீட்டியிருக்கலாம். வாய்க்கால் தண்ணீர் அந்தப் பெண்ணின் வயலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவர் நாள் தாண்டி முற்றிப்போன நாற்றைப் பிடுங்கிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். மேற்குப் பாதி வைக்கோல் நிறத்தில் கிடந்தது. கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, “குடுத்துட்டாகளா?” என்றார்.

“குடுத்துட்டாக. டிவிக்கு நாலு வார்த்தை சொல்லணும்மா.”

“என்ன சொல்லணும்?”

“தண்ணி வந்ததப் பத்தி.”

கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பேசிக்கு முன்னால் நேராக நின்றார். “வாய்க்காலுக்குத் தண்ணி வந்துருச்சு. சந்தோசம். ஆனா எனக்குப் பாதி வயலுக்குத்தேன் நாத்து இருக்கு. மீதிய ஏன் காயவிட்டேன்னு மைக்கு புடிச்சிருக்கிற இவுகளக் கேளுங்க. இவுக நல்லவுகதேன். பயந்தவுக, அம்புட்டுத்தேன்.”

நன்றிம்மா என்றேன். வாய்க்கால் கரையிலேயே நின்று, கட்டை விரலால் அந்தக் காணொளியை முதல் இரண்டு வாக்கியத்தோடு வெட்டி அனுப்பினேன். பிழை திருத்துகிற வேகம் இன்னும் கையில் இருந்தது.

ஏழு மணிக்கு அது ஒளிபரப்பானது. ஏழே காலுக்கு நிலையத்து போன் அடித்தது.

“ஏண்ணே, நான் பேசுனது அம்புட்டுத்தானா?”

“நேரம் இல்லம்மா” என்றேன்.

“சரிண்ணே” என்றார். “இன்னைக்கு மட்டம் எம்புட்டு? அத வாசிக்கிறப்ப மட்டும் கரண்டு போயிருச்சு, சொவத்துல எழுதணும்.”

சொன்னேன். புள்ளிக்குப் பின்னால் இருந்த இரண்டு இலக்கத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டார். சரி என்றேன். இன்னொரு முறை கேட்டார்.