பின்னால் போகாத வண்டி

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், கண்ணாடி போட்ட ஓர் அம்மா என் பக்கத்தில் பழைய விஞ்ஞான நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வரும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டார்.

"கதை நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா கோவமும் வருது. காலத்துல போற வண்டி கெடைச்சும், அந்த ஆளு எதிர்காலத்துக்கே போறான். ஒரு தடவகூட பின்னாடி போகல."

"நீங்களா இருந்தா?"

"எம்பொண்ணு லாரியில அடிபட்டு எறந்த அன்னிக்குக் காலையில போயி, ஸ்கூட்டி சாவிய ஒளிச்சு வச்சிருப்பேன்."

கீழப்பழுவூரில் எழுந்தவர், "முடிவு தெரிஞ்ச கதைதாங்க. இருந்தாலும், படிக்கிறப்பல்லாம், இந்தத் தடவ பின்னாடி திரும்பிடுவான்னு தோணுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பிறகு நானும் அந்த நாவலை வாங்கினேன். அவன் வண்டியில் ஏறும் பக்கத்தைத் தாண்ட இன்னும் மனம் வரவில்லை.