வௌவாலும் தண்ணீர்ப் பல்லியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தலை தீபாவளி. என் கணவர் டார்ஜிலிங் பக்கம் ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான பதினைந்தாம் நாளே வேலைக்குப் போனவர், தீபாவளிக்கு முந்தின நாள் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பட்டாசோடு வந்து இறங்கினார். எங்கள் தெருக்கோடி ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். அதனால் தெருவில் ஊசிவெடிகூட யாரும் வெடிப்பதில்லை. இதை மாப்பிள்ளைக்கு யார் சொல்வது? அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள்.

விடிகாலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, புதுச் சட்டையோடு சரத்தைப் பிரித்தவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். எனக்கு நயமாகப் பேச வராது.

"இங்க வெடிக்கக் கூடாதுங்க. வௌவால் மரத்த விட்டுப் போயிடும்."

"தலை தீபாவளிக்கு வந்தவன விட வௌவால் ஒசத்தியா?"

"இந்தத் தெருவுல ஆமாங்க."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால்? பதினைந்து நாள் பழக்கத்தில் இவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அவர் விறுவிறுவென்று மரத்தடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். இரை தேடப் போனவை திரும்பும் நேரம். ஒன்றையொன்று தள்ளி, கத்திச் சண்டை போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"டார்ஜிலிங்ல நாங்க ரோடு போட்ட எடத்துல ஒரு குளம். அதுல தண்ணிப் பல்லி மாதிரி ஒண்ணு இருந்துச்சு. தவளைத் தோலு, பல்லி வாலு. சத்தமே போடாது. அந்த மலைப்பக்கமே அது ரொம்பக் கம்மின்னாங்க. இதுங்களுக்காவது றெக்க இருக்கு, விரட்டுனா வேற மரம் தேடிக்கும். அது, மண்ணு கொட்டக் கொட்ட, மிச்சம் இருக்குற தண்ணிக்கே போச்சு."

"யாருங்க மண்ணு கொட்னது?"

"நான்தான்."

அந்தத் தண்ணீர்ப் பல்லிக்கு சாலமாண்டர் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. இன்று இரண்டுமே அருகிவிட்டன என்கிறார்கள். அன்று நான் கண்டது அவர் கண் கலங்கியதைத்தான். எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததும் அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பட்டாசு மொத்தத்தையும் வாளித் தண்ணீரில் அமுக்கினார். அப்பா பதறிப்போனார்.

"இன்னா மாப்ள! டவுன்ல யாருக்காவது குடுத்திருக்கலாமே!"

"அங்க கோயில் கோபுரத்துலயும் வௌவால் இருக்கு மாமா."

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் நன்றாக அழுதேன்.