தேவகி அக்கா வட்டமிட்ட 310

விளக்குக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "தேவகி அக்கா போயிட்டாங்களாம்" என்றார். சொல்லிவிட்டுத் தம் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். புக்கிட் செந்தோசா குடியிருப்பில் அக்காவோடு பழகிய உங்களுக்கும் தெரியட்டும்.

இவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷினில் நிற்பவர். அக்கா அங்கே இன்ஜினியர். கை உள்ளே போனால் மெஷின் உடனே நிற்க வேண்டும். நிறுத்தும் பொறுப்பு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரிடம் இருந்தது. ஒருநாள் அது ஏதோ அறிக்கை எழுதுவதில் மூழ்கியிருந்து தாமதமாக நிறுத்தியது. இவர் கையுறை நுனி நசுங்கியது, விரல் தப்பியது.

"ஆவரேஜ் ஸ்பீடு ஓகேதான்லா மேடம்" என்றாராம் சூப்பர்வைசர்.

"ஆவரேஜ் விரலை எடுக்காது தம்பி. லேட்டாகிற அந்த ஒரு தடவைதான் எடுக்கும்."

அக்கா மெஷினைப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டரின் இயங்குதளத்தையே மாற்றி அமைத்தார். எந்த வேலையில் இருந்தாலும், 'நிறுத்து' என்றால் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். "பால் பொங்கினா, போன்ல பேசி முடிச்சிட்டா வருவே?" என்று எனக்கு விளக்கினார்.

பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமென்று, சோதனைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மூன்று பகல் எங்கள் வீட்டு மேசையில் ஓடியது. பக்கத்தில் ஓர் அளவுக் கருவி. மணிக்கொரு தரம் அது காட்டும் மிகப் பெரிய தாமதத்தை நோட்டில் எழுதிப் பொத்தானை அமுக்க வேண்டும், எண் அழிந்துவிடும். ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடியைத் தாண்டக்கூடாது.

"கம்ப்யூட்டரே எழுதிக்காதாக்கா?"

"தன் தப்பைத் தானே எழுதுற கணக்கை நான் நம்பமாட்டேன். உன் நோட்டை நம்புவேன். பெட்டியைச் சும்மா விடாதே, வேலை குடுத்துக்கிட்டே இரு."

ஒன்று, இரண்டு, ஒன்று என்றே வந்தது. மூன்றாம் நாள், பக்திப் பாடல்கள் இருந்த பென்டிரைவைச் செருகினேன். கருவியில் 310. ஆயிரத்தில் முந்நூற்றுப் பத்துப் பங்கு வினாடி. அதற்குள் மெஷின் இறங்கிவிடும். ஆனால் நான் நினைத்தது வேறு. சாமி பாட்டைப் போட்டு நான்தான் குழப்பிவிட்டேன், பெட்டிமேல் பழி வரக்கூடாது என்று. 'இரண்டு' என எழுதிப் பொத்தானை அமுக்கினேன்.

மறுநாள் பெட்டி மெஷினுக்குத் திரும்பியது, இவரும் வேலைக்குப் போய்விட்டார். சாமி முன் நின்று கும்பிட்டேன். கூப்பிய இரண்டு கையையும் பார்த்ததும் இவர் கை நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, மறைத்த 310-ஐ உளறிக் கொட்டினேன்.

"என்ன செருகினே? பென்டிரைவா?" அடுத்த கணம் போனுக்குள் அலறல்: "மெஷினைத் தொடாதீங்க!" ஓடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. முருகா, முருகா என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இவர் குரல். "வெளிய நிக்கிறேன். கை இருக்கு."

அறிக்கையை எடுக்க சூப்பர்வைசர் தினமும் அந்தக் கம்ப்யூட்டரில் பென்டிரைவைத்தான் செருகுவாராம். நான் செருகியதும் அதே இடத்தில்.

சாயங்காலம் அக்கா பெட்டியோடு திரும்பி வந்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"யாருக்கும் தெரியாத ஓட்டையை உன் சாமி பாட்டுதான்டி கண்டுபிடிச்சுது. அதைப் போயா மறைச்சே?"

என் 'இரண்டை' அடித்து, 310 என்று எழுதிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஓட்டையை அடைத்த பிறகு சோதனையை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வைத்தார்.

அந்த நோட்டு என் சாமி அறையில் இருக்கிறது. அக்கா எனக்கு விட்டுப்போனவை இரண்டு: அந்தச் சிவப்பு வட்டம், தினமும் ஐந்தரைக்குப் பத்து விரலோடு கதவைத் தட்டுகிற இவர்.