காத்தான்குடிக்கு, ஒரு கண்ணின் பொருட்டு

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குப் பின் புறப்பட்ட ரயில் கிரான் ஸ்டேஷனைத் தொட்டபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. ஆவணி மாதம். சிறுபோக அறுவடை முடிந்த வயல்கள் இரு பக்கமும் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. எதிரே இருந்த பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இந்த வயல் வட்டையில எங்களுக்கும் நாலு ஏக்கர் இரிக்கி. மழை விழுந்தா விதைப்பம். நீங்க ஆர்ர வீட்ட போறீங்க மகள்?"

"காத்தான்குடிக்கு. என்னோட படிச்சவளைப் பார்க்க."

"சின்னதில இருந்த சிநேகமா? அப்ப போகத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நானும் பரீனாவும் மட்டக்களப்பு நகரத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. நான் கல்லடி, அவள் காத்தான்குடி. காலை பஸ் அவளுடைய ஊரிலிருந்துதான் வரும். பக்கத்து இருக்கையில் புத்தகப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியதும் யன்னல் பக்கம் யார் என்ற சண்டை தொடங்கும். நாவற்பழக் காலத்தில் இருவரும் நீல நாக்கோடு வகுப்புக்குள் போய் வெளியே நின்றிருக்கிறோம்.

எங்களுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவளுடைய ராத்தாவின், மூத்த அக்காவின், கலியாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். நீறாத சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துத் தெறித்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பரீனாவின் இடது கண்ணுக்குள் போய்விட்டது. நான் அன்று அங்கேதான் இருந்தேன். கிணற்றடியில் அவளுடைய உம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதார். கண் தப்பவில்லை. கறுப்பு விழியின் மேல் சிவந்த சதை படர்ந்து மூடிவிட்டது.

பிறகு நாட்டில் யுத்தம் மூண்டு, தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் பகை வந்தது. கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையிலிருந்த சில கிலோமீற்றர் வருடக்கணக்கில் கடக்க முடியாத தூரமாகிப் போனது. நான் அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேணுக்குப் போய் உயிரியல் படித்தேன். கண்களுக்கான ஸ்டெம் செல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது, விண்ணப்பத்தில் எழுதாத காரணம் பரீனாதான்.

கண்ணில் வெள்ளையும் கறுப்பும் சேரும் விளிம்பில் சில உயிரணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கின்றன. வாழைக் குருத்துப் போல அவை புதுப்புது மேற்பரப்பை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அவற்றைக் குருத்தணு என்றும் சொல்கிறார்கள். சுண்ணாம்பு எரித்தது அந்த விளிம்பைத்தான். நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து துளியளவு எடுத்து, ஆய்வுகூடத்தில் மெல்லிய ஏடாக வளர்த்துத் திருப்பிக் கொடுப்பதே எங்கள் வேலை. மருந்து பலித்தது, வியாபாரம் பலிக்கவில்லை. மாத்திரை என்றால் ஒரே தரத்தில் இலட்சம் பேருக்குச் செய்து அடுக்கிவைக்கலாம். இதை ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக வளர்க்க வேண்டும். கிருமி நுழைந்தால் முழுவதையும் எறிய வேண்டும். காலம் தவறாமல் சத்திரசிகிச்சை மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படிக் கண் எரிந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். விலையைக் கேட்டு வைத்தியசாலைகள் பின்வாங்கின, முதல் போட்டவர்கள் விலகினார்கள், எங்கள் பிரிவை மூடினார்கள்.

வேலை போய் வீட்டில் இருந்தபோதுதான், எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்த பரீனாவின் தம்பி நவாஸின் குரல்பதிவு வந்தது. "பரீனா ராத்தாட கண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போடப் போறம். வெளிநாட்டு கிளினிக் ஒண்டுக்கு நான்தான் இஞ்ச ஏஜன்ட். ஏஜன்சிக் கந்தோர் திறக்கிற அன்டைக்கு நீங்க வந்து நாலு வார்த்த பேசணும் அக்கா."

மட்டக்களப்பு ஸ்டேஷனிலிருந்து காத்தான்குடிக்கு ஆட்டோக்காரர் எண்ணூறு ரூபாய் கேட்டார். கல்லடியில் பழைய இரும்புப் பாலம் ஓரமாக ஒதுங்கி நிற்க, புதுப் பாலத்தில் போனோம். வாவி அன்று அசையாமல் கிடந்தது. யன்னல் பக்கத்துக்குச் சண்டை போட ஆளில்லை. பிரதான வீதியின் நடுவே பேரீச்சமரங்கள் வந்ததும், "காத்தான்குடி வந்திட்டு" என்றார் ஆட்டோக்காரர்.

பரீனா வாசலிலேயே நின்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கட்டிப்பிடித்தபடியே, "இவ்வளவு நாளா எங்ககா கிடந்த?" என்றாள். சிநேகிதியைக் கூப்பிடும் அந்த ஊர்க் 'கா' மாறியிருக்கவில்லை. முன்னறை முழுக்க அபாயாத் துணிகள். அபாயாக்களுக்குக் கையால் பூவேலை செய்வது அவளுடைய தொழில். இரண்டு பெண்பிள்ளைகளை அந்தத் தையல் ஊசியால்தான் படிக்கவைத்தாள்.

இறால் ஆணத்தோடு சோறு தின்றுகொண்டிருக்கும்போது நவாஸ் வந்தான். கட்டாரில் பல வருடம் உழைத்துத் திரும்பியவன். அவனிடம் கள்ளம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆசை இருந்தது. "இஞ்ச எந்த வீட்டுக்குப் போனாலும் முழங்கால் நோவு, சீனி வருத்தம், பாரிசவாதம். எல்லாத்துக்கும் ஒரே ஊசி எண்டா எவ்வளவு பெரிய யாவாரம் அக்கா!"

"எல்லாத்துக்கும் ஒரே ஊசி எண்டு சொன்னாலே பயப்படவேணும் நவாஸ். ராத்தாட கண்ணுக்கு என்ன ஊசி?"

"வயித்துக் கொழுப்பில இருந்து எடுத்து, கண்ணுக்குள்ள போடுவாங்களாம்."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அப்படி ஊசி போட்டு இருந்த பார்வையையும் இழந்தவர்களைப் பற்றி நான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். இரத்த நோய்களுக்கு எலும்பு மச்சை மாற்றுவது பழகிப்போன வைத்தியம் என்றும், நீரிழிவுக்கும் நடுக்குவாதத்துக்கும் நேர்மையான பரிசோதனைகள் நடக்கின்றன என்றும், நிரூபிக்கும் முன்பே விற்பவர்களும் அதே ஸ்டெம் செல் என்ற பெயரில்தான் விற்கிறார்கள் என்றும் சொன்னேன். நவாஸின் முகம் சுருங்கியது.

"நான் சொல்றத நம்பவேணாம். அவங்களிட்டயே கேளு. இந்த ஊசியைப் பரிசோதிச்ச முடிவு எங்க இரிக்கு? பிழைச்சா ஆர் பார்ப்பாங்க?"

அவன் அங்கேயே கிளினிக்குக்குக் கோல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். மறுபக்கத்துப் பெண் மிக இனிமையாகப் பேசினாள். அவன் கேள்வியைக் கேட்டான். அவள், இந்த மாதத்துக்குள் இரண்டு நோயாளிகளை அனுப்பினால் மூன்றாவது ஆளுக்குப் பாதி விலை என்றாள். அவன் திரும்பவும் கேட்டான். அப்படியென்றால் விமான டிக்கெட்டும் இலவசம் என்றாள். நவாஸ் ஃபோனை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போனான். நான் பேச வேண்டியிருந்த அந்த நாலு வார்த்தையைப் பற்றி அவன் பிறகு கேட்கவே இல்லை. பரீனா தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் நானும் பரீனாவும் வாவிக் கரைக்கு நடந்தோம். "அப்ப இந்தக் கண் இப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

இன்னொரு வழி இருந்தது, அதைச் சொன்னேன். இந்திய வைத்தியர்கள் எளிமையாக்கிய முறை, ஆய்வுகூடமே வேண்டாம். நல்ல கண்ணின் விளிம்பில் துளியளவு வெட்டி, பொடிப்பொடியாக்கி, கெட்ட கண்ணின் மேல் படர்ந்த சதையை நீக்கி, ஒரு மெல்லிய சவ்வை விரித்து அதில் ஒட்டிவிடுவார்கள். கண்ணிலேயே முளைத்துக்கொள்ளும். எங்கள் நிறுவனம் நாற்று வளர்த்து விற்றது. இது நேரே வயலில் விதைப்பது. விற்க இதில் ஒன்றுமில்லை என்பதால் விளம்பரம் செய்யவும் ஆளில்லை.

"நல்ல கண்ணில வெட்டணுமா?" அவள் நின்றுவிட்டாள். "இந்தக் கண்ணாலதான்கா ஊசி கோக்கன். இதுக்கும் ஒண்டு நடந்தா?"

"பெரும்பாலும் நடக்காது. நடக்கவே நடக்காதெண்டு சொல்ல ஏலாது."

"உன்ட கண்ணெண்டா நீ குடுப்பியா?"

நான் யோசித்தேன். "குடுப்பன். ஆனா பயத்தோடதான் குடுப்பன்."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். தோணிக்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். பிறகு, "பயம் இல்ல எண்டு நீ சொல்லியிருந்தா நான் சம்மதிச்சிருக்க மாட்டன்" என்றாள்.

நகரத்துக் கண் வைத்தியர் அவளை இருட்டறையில் உட்காரவைத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதெண்டு சரியாச் சொல்றா. உள்ளுக்கு நரம்பு உயிரோட இரிக்கு" என்றார். இந்தச் சத்திரசிகிச்சை செய்யும் கொழும்பு வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பும்போது பரீனா என் கையை விடவே இல்லை. ஐப்பசியில் சத்திரசிகிச்சை நடந்தது. நான் மெல்பேணில் உறக்கமில்லாமல் கிடந்தேன். நல்ல கண் சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது. மற்றக் கண்ணைப் பற்றிக் கேட்டால், "வந்து பாருகா" என்று மட்டும் சொன்னாள்.

மாசியில் மறுபடி வந்தேன். மழை முடிந்து வாவி கரை தொட்டுக் கிடந்தது. பரீனா கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வாசலில் நின்றாள். சிவந்த சதை போய்விட்டது. இடது விழியில் கறுப்பு, நடுவில் மட்டும் புகை படிந்த மாதிரி கொஞ்சம் மங்கல். உள்ளே கூட்டிப்போய், யன்னலோரம் என்னை உட்காரவைத்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். இவ்வளவு கிட்ட வந்து யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"என்ன தெரியுது?" என்றேன்.

"இந்தக் கண் உன்னக் கடைசியாக் கண்டது பதினாலு வயசில, ரெட்டைப் பின்னலோட. அல்லாஹ்வே, நீ எப்பகா கிழவியான?"

இருவரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு வேறொன்றாகிவிட்டது. நவாஸ் வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

அவன்தான் நாலாம் நாள் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டான். கந்தோரை மூடவில்லை, பெயர்ப்பலகையை மாற்றிவிட்டான். கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு வேனும் தங்க இடமும் ஏற்பாடு செய்கிறானாம். "லாபம் குறைவு. ஆனா உறக்கம் வருது" என்றான். பிறகு, "அக்கா, உண்மையாவே, இந்த ஸ்டெம் செல்லுக்கு யாவாரத்தில எதிர்காலம் இல்லையா?" என்று கேட்டான்.

"இரிக்கு. ஒரு ஆளிட அணுவ வளர்த்துக் கனபேருக்குக் குடுக்கிற மாதிரி வந்தா விலை இறங்கும். ஆனா காலம் எடுக்கும். காத்திருக்கப் பொறுமை உள்ளவங்கதான் இதில முதல் போடணும்."

தலையை ஆட்டிக்கொண்டான்.

ரயில் நகர்ந்தது. மெல்பேணில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு யன்னல்கள் இருந்ததில்லை. அணுக்களை வளர்க்கும் தட்டுகளில் பெயர்கூட இருக்காது, எண் மட்டும்தான். அது எந்த ஊர்க் கண், அதைக் கொண்டு யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவராது. பதினைந்து வருடம் நுணுக்குக்காட்டிக்குள் கண்ணின் அணுக்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு கண் என்னைத் திரும்பிப் பார்த்தது இதுவே முதல் தடவை.